விடுமுறைக்கு வீட்டோடு போர்வை, பால் மூடி: சதுரம் ஆளுக்கொரு அளவில் வருகிறது, டாட்டிங் வளையம் மூட மறுக்கிறது

வெள்ளிநூல் (சாட்ஸ்வொர்த், டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் விடுமுறைக்கு வீட்டில் இரண்டு வேலை எடுத்திருக்கிறோம். ஒன்று, ஜூலை 18 மண்டேலா நாளுக்குக் கொடுக்க ஒரு போர்வை. 120க்கு 160 சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டர் கிரானி சதுரம் (நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னுவது) 48. மற்றது புரட்டாசி பூசைக்கு நூலில் பின்னிய பால் ஜாடி மூடிகள், ஓரத்தில் பாசிமணி வைத்தது.

கைகள் நான்கு. எனக்குக் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) நன்றாக வரும், டாட்டிங் (ஷட்டில் என்னும் சிறு நூல் ஓடத்தால் முடிச்சுப் போட்டுச் செய்யும் லேஸ்) இப்போதுதான் பழகுகிறேன். ஆயாவுக்கு (பாட்டிக்கு) எல்லாம் தெரியும், ஆனால் விரல் மூட்டு வலி. மகளுக்கு 12 வயது, இடது கை. சின்னவனுக்கு 8.

சிக்கல் இவை:

டபுள் நிட் (நடுத்தரப் பருமன்) அக்ரிலிக் நூல், 4 மில்லிமீட்டர் ஊசி, எல்லாருக்கும் ஒரே முறை. ஏழு சுற்று முடிந்ததும் ஒருவருடையது 16 சென்டிமீட்டர், இன்னொருவருடையது 17.5, மூன்றாவது 19. இவற்றை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது?

டாட்டிங்கில் முடிச்சு பார்க்க அழகாக இருக்கிறது, வளையத்தை இழுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது.

பால் மூடி ஏழெட்டுச் சுற்று வரை தட்டையாக வந்து, பிறகு கிண்ணம்போல் குவிகிறது. மணியும் கனம் போதாமல் காற்றில் தூக்குகிறது.

நூல் எவ்வளவு வாங்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவி. டர்பன் கிரே தெருக் கடைகள் பக்கம் அடிக்கடி போய்வர முடியாது.

---

மரிட்ஸ்பர்க்_உல்லன்

போர்வையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் தங்கச்சி. டாட்டிங்குக்கு இங்கே கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

16, 17.5, 19 என்று மூன்று அளவு வந்தால் வழக்கமாகச் சொல்லும் மருந்து ஊசியை மாற்றுவது. இறுக்கமான கைக்கு 4.5, தளர்ந்த கைக்கு 3.5. அது பாதிதான் வேலை செய்யும். ஊசியின் பருமன் கண்ணியின் அகலத்தைத்தான் அதிகம் மாற்றும். ட்ரெபிளின் (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான கண்ணி) உயரத்தை முடிவு செய்வது வேறொன்று: நூலைச் சுற்றி, ஊசியைக் கீழே விட்டு, முதன்முதலில் மேலே இழுக்கும் கண்ணி. சிலர் அதை ஊசியோடு ஒட்டிக் கீழே அழுத்துவார்கள், சிலர் உயரத் தூக்குவார்கள். கிரானி சதுரம் வளர்வதே உயரத்தில்தான், அதனால் அந்தப் பழக்கம் ஏழு சுற்றில் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசமாகத் தெரியும்.

என் யோசனை, சதுரத்தைப் பங்கு போடாதீர்கள், சுற்றைப் பங்கு போடுங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரே சுற்று ஒரே கையில் விழுந்தால் இறுக்கமும் தளர்வும் 48 சதுரத்திலும் ஒரே இடத்தில் வரும். எல்லாம் ஒரே அளவாகிவிடும், யாரும் தன் கையை மாற்றவே வேண்டாம்.

நடுவும் இரண்டு சுற்றும் ஆயாவுக்கு. ஆரம்பம்தான் நுணுக்கமான இடம், ஆனால் துண்டு சின்னது, மடியில் பாரம் இருக்காது. 3, 4ஆம் சுற்று சின்னவனுக்கு. கிரானியில் கண்ணியைக் குத்தவேண்டாம், மும்மூன்று ட்ரெபிள் சேர்ந்த கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஊசியை விட்டால் போதும். எட்டு வயதுக்கு அது முடியும். 5 முதல் 7 வரை மகளுக்கு. 8ஆம் சுற்றும் இணைப்பும் உங்களுக்கு.

கை மாறும் இடத்தில் நிறத்தையும் மாற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறம் மாற்ற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். நான்கு நிறம் என்றால் சதுரத்துக்கு எட்டு வால் (தொங்கும் நூல் முனை). எட்டு நிறம் என்றால் பதினாறு, 48ஆல் பெருக்கிப் பாருங்கள். வால் 15 சென்டிமீட்டர் விட்டு அறுத்து, அடுத்தவர் சுற்றுப் போடும்போதே அதன்மேல் ஏழெட்டு ட்ரெபிள் பின்னிவிட்டு, மிச்சத்தை மொட்டை ஊசியால் எதிர்த்திசையில் ஒருமுறை திருப்பிக் கோத்தால் துவைப்புக்குத் தாங்கும். ஒரே திசையில் கோத்தால் அக்ரிலிக் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

மகள் இடது கை என்பது இந்தப் போர்வைக்கு லாபம். கிரானியைத் திருப்பாமல் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் சதுரம் மெல்ல முறுக்கிக்கொண்டு சாயும். வலது கைக்காரர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் துணியைத் திருப்பி அதைச் சரிக்கட்டுவார்கள். உங்கள் மகளின் சுற்றுகள் எதிர்ப்பக்கமாகப் போவதால் அந்தச் சாய்வு தானாகவே நேராகும்.

நூல் கணக்கு. மூலைக்கு 2 சங்கிலி (ஒன்றன் வழியே ஒன்றாக இழுக்கும் எளிய கண்ணி), கொத்துக்கு நடுவே 1 சங்கிலி என்று வைத்துக்கொண்டால் எட்டுச் சுற்றில் மூன்று ட்ரெபிள் கொத்துகள் 4, 8, 12 என்று ஏறி மொத்தம் 144. சதுரம் ஏறத்தாழ 13 கிராம். அதைப் பிரித்தால்:

1, 2ஆம் சுற்று: 48 சதுரத்துக்கும் சேர்த்து 55 கிராம் வரை. 100 கிராம் உருண்டை ஒன்று.
3, 4: ஏறத்தாழ 120 கிராம். உருண்டை இரண்டு.
5, 6, 7: 310 கிராம் சொச்சம். நான்கு. மூன்றோடு நிறுத்தினால் கடைசி இரண்டு சதுரத்துக்குப் பற்றாது.
8ஆம் சுற்றும் வெளிக்கரை மூன்று சுற்றும்: 200 கிராம். இரண்டு சரியாக வரும்போலத் தோன்றும், வால் வெட்டில் போய்விடும். மூன்று வாங்குங்கள்.

கடைசி நிறத்து மூன்று உருண்டையிலும் சாயத் தொகுதி எண் ஒன்றுதானா என்று லேபிளில் பார்த்து எடுக்கவும். உள் நிறங்களில் வித்தியாசம் தெரியாது, இணைப்பு நிறத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். முதல் சதுரம் முடிந்ததும் சமையலறைத் தராசில் வையுங்கள். 15 கிராமைத் தாண்டினால் உங்கள் வீட்டுக் கை நூல் தின்னும் கை, கணக்கை ஏற்றிக்கொள்ளுங்கள்.

அட்டையில் மூன்று சதுரம் வெட்டி மேசையில் வையுங்கள். 5.5, 10.5, 17.5 சென்டிமீட்டர். ஒவ்வொருவரும் கை மாற்றுமுன் அதன்மேல் வைத்துப் பார்க்கட்டும். அரை சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தால் விட்டுவிடலாம், 8ஆம் சுற்று இழுத்துக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் அந்தக் கைக்கு மட்டும் ஊசியை அரை மில்லிமீட்டர் மாற்றுங்கள், அதுவும் எல்லாச் சதுரத்துக்கும்.

இணைப்பைத் தனியாகத் தைக்கவேண்டாம். 8ஆம் சுற்றிலேயே, பக்கத்தில் கொத்துக்கு நடுவே போடும் 1 சங்கிலிக்குப் பதிலாக அண்டைச் சதுரத்தின் இடைவெளியில் ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச் (உயரமில்லாத சேர்ப்புக் கண்ணி). மூலையில் 2 சங்கிலிக்குப் பதில் 1 சங்கிலி, அண்டை மூலையில் ஸ்லிப், 1 சங்கிலி. நாலு சதுரம் கூடும் மூலையில் எல்லாரையும் முதல் ஸ்லிப்பின் கண்ணியிலேயே சேர்க்கவேண்டும். ஆளுக்கொரு இடத்தில் குத்தினால் நடுவில் ஓட்டை விழும்.

இன்னொன்று. இங்கே கிடைக்கும் முறைகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பெயரில். இணையத்தில் எடுத்தால் அமெரிக்கப் பெயராக இருக்கலாம். முறையில் எங்காவது 'எஸ்சி' (சிங்கிள் குரோஷே) என்று கண்டால் அது அமெரிக்கமுறை. அவர்களுடைய டபுள் நமக்கு ட்ரெபிள், அவர்களுடைய சிங்கிள் நமக்கு டபுள். பிரிட்டிஷ் முறையில் 'எஸ்சி' என்பதே கிடையாது. இதைப் பார்க்காமல் தொடங்கினால் சதுரம் பாதி உயரத்தில் நிற்கும்.

மண்டேலா நாளுக்குக் கொடுப்பவர்கள் 67 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு 67 சதுரம் போட ஆசைப்படுவார்கள். அவருடைய பொதுவாழ்வு 67 ஆண்டு, அதனால் 67 நிமிடச் சேவை. ஆனால் 67ஐ எந்தச் செவ்வகத்திலும் அடுக்க முடியாது, அது பகா எண். 48ஓ 70ஓ போடுங்கள். 2015இல் பிரிட்டோரியா யூனியன் கட்டட வளாகத்தில் இந்த நாளுக்கெனப் பின்னிய போர்வைகளைச் சேர்த்து விரித்தபோதும் அளவு ஒத்தவைதான் வேலைக்கு எளிதாக இருந்திருக்கும்.

அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். ஆவி மட்டும், இரண்டு விரல் உயரத்திலிருந்து. தொட்டால் நூல் உருகிப் பளபளத்துத் தொங்கிவிடும், அதற்கு மீட்சி கிடையாது. போர்வையோடு ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள்: பாரஃபின் ஹீட்டர் பக்கத்தில் போடவேண்டாம் என்று.

---

ஷட்டில்_ஃபீனிக்ஸ்

வளையம் மூடாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. முடிச்சு தவறான நூலில் இருக்கிறது.

டாட்டிங்கின் அடிப்படையான இரட்டை முடிச்சில் (இரண்டு பாதி சேர்ந்தது) ஷட்டில் நூல் நேராக உள்ளே ஓடவேண்டும், கையைச் சுற்றிய நூல் அதன்மேல் முடிச்சாக நிற்கவேண்டும். நீங்கள் ஷட்டிலை விட்டு எடுக்கிற அந்த நொடியில் நடப்பது தலைகீழ்: ஷட்டில் நூல்தான் கை நூலைச் சுற்றுகிறது. அதை இடம் மாற்றினால்தான் முடிச்சு. மாற்றாவிட்டாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். 20 முடிச்சில் ஒரே ஒரு பாதி மாறாமல் இருந்தாலும் வளையம் அந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும்.

இடம் மாற்றுவதில் வரிசை முக்கியம். முதல் பாதிக்கு ஷட்டில் கை நூலுக்குக் கீழே போய் மேலே திரும்பும். போனதும் இடது கை நடுவிரலைத் தாழ்த்திக் கை நூலைத் தளர்த்துங்கள். பிறகு வலது கை ஷட்டில் நூலை நேராக, விறைப்பாக இழுக்கட்டும். கண்ணி 'டக்' என்று கை நூலுக்குத் தாவும். ஷட்டில் நூலை விறைப்பாகவே வைத்துக்கொண்டு இப்போதுதான் நடுவிரலை உயர்த்தவேண்டும், முடிச்சு நழுவி வந்து கட்டைவிரல் பிடியில் உட்காரும். இரண்டாம் பாதிக்கு ஷட்டில் மேலே போய்க் கீழே திரும்பும், மற்றதெல்லாம் அதேதான். பழகுகிறவர்களில் பெரும்பாலோர் வலது கை இழுக்குமுன் இடது விரலைத் தூக்கிவிடுகிறார்கள். பூட்டு அங்கேதான் விழுகிறது.

கண்ணால் பார்த்துப் பழக இரண்டு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டிலில் வெள்ளை, உருண்டையில் சிவப்பு. இரண்டையும் முனையில் முடிந்து, சிவப்பை இடது சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, வளையம் இல்லாமல் செயினாக (ஒரே வரிசையாக) முடிச்சுப் போடுங்கள். முடிச்சு சிவப்பாக விழுந்தால் சரி, வெள்ளையாக விழுந்தால் தாவவில்லை. ஒரு கெஜம் சிவப்பாகவே வந்த பிறகு வளையத்துக்கு வாருங்கள். வளையத்திலும் ஒவ்வொரு இரட்டை முடிச்சுக்கும் ஷட்டில் நூலை லேசாக இழுத்து ஓடுகிறதா பாருங்கள். ஓடவில்லையென்றால் அந்த ஒன்றை மட்டும் ஊசி முனையால் பிரிக்கலாம். ஓடாத நூலைப் பலமாக இழுத்தீர்களோ, கத்தரிக்கோல்தான்.

நூல்: மெர்சரைஸ் செய்த பருத்தி, 10 அல்லது 20ஆம் எண். எண் ஏற ஏற நூல் மெலியும். 80இல் வருகிற அழகைப் பார்த்து அதில் தொடங்கவேண்டாம். உல்லன் வேண்டாம், அதன் ரோமம் முடிச்சைப் பிடித்துக்கொள்ளும். எம்பிராய்டரி நூலின் ஆறு இழையும் பிரிந்து ஷட்டில் முனையில் மாட்டும்.

ஷட்டிலில் நூல் விளிம்பைத் தாண்டி வெளியே பிதுங்கக்கூடாது. அளவுக்கு மேல் சுற்றினால் அதன் இரு முனையும் வாய் பிளந்து, போகிற ஒவ்வொரு தடவையும் நூலைக் கவ்வும்.

முதல் பயிற்சிக்கு ஐந்து வளையப் பூ. ஒவ்வொரு வளையமும் 5 முடிச்சு, பிக்கோ (முடிச்சுகளுக்கு நடுவே விடும் சிறு நூல் கண்ணி), 5, பிக்கோ, 5, பிக்கோ, 5, மூடு. அடுத்த வளையத்தை இடைவெளி விடாமல் ஒட்டித் தொடங்கி, முதல் பிக்கோவுக்குப் பதிலாக முந்திய வளையத்தின் கடைசிப் பிக்கோவில் சேருங்கள்: 0.6 மில்லிமீட்டர் ஊசியால் கை நூலை அந்தப் பிக்கோவுக்குள் கண்ணியாக இழுத்து, அதற்குள் ஷட்டிலை விட்டு, சமப்படுத்தி, முடிச்சைத் தொடருங்கள். 10ஆம் எண் நூலில் இரண்டரை மீட்டர் சுற்றினால் பூ முடிந்து வால் மிஞ்சும். பிக்கோ ஒரே உயரமாக வர 6 மில்லிமீட்டர் அகல அட்டைத் துண்டை முடிச்சுகளுக்கு நடுவே பிடியுங்கள், மூடியதும் 3 மில்லிமீட்டர் உயரம் நிற்கும்.

இடது கைக்காரிக்கு டாட்டிங்கில் முறையை மாற்றவேண்டாம். ஷட்டில் இடது கையில், நூல் வலது கையில். எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், பக்கத்தில் அல்ல. எதிரே இருந்தால் உங்கள் கை அவளுக்குக் கண்ணாடிப் பிம்பம்.

---

வெள்ளிநூல்

அண்ணா, சிவப்பு வெள்ளை யோசனையில் உடனே தெரிந்தது: இரண்டாம் பாதி மட்டும்தான் தாவாமல் இருக்கிறது. நன்றி.

இன்னும் இரண்டு. மூடிய வளையத்தில் தவறு கண்டால் திறக்க முடியுமா? இரண்டாவது, சின்னவனுக்கு ஷட்டிலுக்குப் பதில் ஊசி டாட்டிங் கொடுக்கலாமா?

---

ஷட்டில்_ஃபீனிக்ஸ்

இரண்டாம் பாதியில் கை சோர்ந்து விரலை முன்னாலேயே தூக்கிவிடுகிறது, வழக்கமாக நடப்பதுதான்.

திறக்கலாம், ஆனால் உடனே. கடைசிப் பிக்கோவை இரு பக்கமும் விரித்துப் பிடித்தால் அடியில் உள் நூல் ஒரு மயிரிழை தெரியும். அதை மொட்டை ஊசியால் வெளியே இழுத்துக் கண்ணியாக்குங்கள். பிறகு கடைசி முடிச்சுகளை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் தள்ளினால் வளையத்தின் வாய் திறக்கும். அடுத்த வளையம் போட்டாயிற்று என்றால் பூவின் அடியை அறுத்து நூல் ஒட்டுவதே நேர வீண் இல்லாத வழி.

ஊசி டாட்டிங் பற்றி எனக்குக் கொஞ்சம் முறைப்பு உண்டு. அங்கே தாவல் கிடையாது, முடிச்சு நேராக ஊசிமேல் ஏறும், கடைசியில் எல்லாவற்றையும் ஊசியிலிருந்து நூலுக்கு உருவிவிடுவார்கள். ஆனால் ஊசியின் பருமனளவு தளர்ச்சி ஒவ்வொரு முடிச்சிலும் தங்கிவிடும். துணியோரத்தில் ஒரு பாதி ஷட்டில், ஒரு பாதி ஊசி என்று கலந்தால் ஊசிப் பாதி தொளதொளவென்று தெரியும்.

---

மணிக்கோர்வை (டொங்காட்)

முறைப்பு வேண்டாம் அண்ணா. எட்டு வயதுக்கு ஊசி டாட்டிங்தான் சரி. 10ஆம் எண் நூலுக்கு 5ஆம் எண் டாட்டிங் ஊசி, முனை மழுங்கியது. தனி வேலையாகப் புத்தக அடையாளம் செய்யட்டும், அம்மாவின் ஓரத்தோடு கலக்கவேண்டாம், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் முதல் வளையம் மூடினால் அவன் திரும்ப உட்காருவான். ஷட்டில் ஒரு வாரம் தாவாவிட்டால் உட்காரமாட்டான்.

பால் மூடிக்கு வருகிறேன். கிண்ணமாகக் குவிகிறது என்றால் சுற்றுக்குக் கண்ணி ஏறவில்லை. துணி அலையடித்தால் அதிகம் ஏறிவிட்டது. தட்டையான வட்டத்துக்குக் கணக்கு எளிது: டபுள் குரோஷே (ட்ரெபிளைவிடக் குட்டையான கண்ணி) என்றால் சுற்றுக்கு 6 கூடவேண்டும், ட்ரெபிள் என்றால் 12. ட்ரெபிளின் உயரம் அதன் அகலத்தைப்போல இரு மடங்கு, அதனால் சுற்றளவு அவ்வளவு வேகமாக வளர்கிறது. உங்கள் மூடி முதலில் சரியாக வந்து பிறகு குவிகிறது என்றால், தொடக்கத்தில் ஏற்றிவிட்டு நடுவில் ஏற்றாமல் ஓடிவிட்டீர்கள் என்று பொருள்.

ஈ நுழையாத, காற்று நுழையும் வலை இப்படி. 10ஆம் எண் பருத்தி, 1.5 மில்லிமீட்டர் ஊசி. 6 சங்கிலி வளையம். அதற்குள் 12 ட்ரெபிள், முதல் ட்ரெபிளுக்கு 3 சங்கிலி. இரண்டாம் சுற்று: ஒவ்வொரு ட்ரெபிள் தலையிலும் 1 ட்ரெபிள், 1 சங்கிலி. இதை ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்வோம், 12 கட்டம். மூன்றாம் சுற்று முதல் எப்போதும் முந்திய சுற்றின் சங்கிலி இடைவெளியில்தான் குத்தவேண்டும், சுற்றுக்கு 6 கட்டம் கூடும். மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்ட இடைவெளியில் இரண்டு கட்டம், மொத்தம் 18. நான்காவதில் மூன்றாவது இடைவெளிதோறும் இரண்டு, 24. ஐந்தாவதில் நான்காவதுதோறும், 30. இப்படியே போனால் சுற்று எண்ணை 6ஆல் பெருக்கினால் கட்டத்தின் எண்ணிக்கை. எண்ணிப் பார்க்கும் வேலையைச் சின்னவனிடம் விடலாம், வாய்ப்பாடும் பழகும்.

இரட்டிக்கும் இடம் மேலே மேலே ஒரே நேர்கோட்டில் விழுந்தால் வட்டம் அறுகோணமாகும். ஒரு சுற்றில் இரட்டிப்பைத் தொடக்கத்தில் வைத்தால், அடுத்ததில் இரண்டு கட்டம் தள்ளி வையுங்கள்.

16ஆம் சுற்றில் 96 கட்டம், விட்டம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். வாய் 10 சென்டிமீட்டர் உள்ள ஜாடிக்கு இது போதும். வாயின் அளவோடு 6 கூட்டிக்கொள்ளுங்கள், மூன்று மூன்று சென்டிமீட்டர் தொங்கினால்தான் மணி இழுத்துப் பிடிக்கும். அதற்குக் குறைந்தால் மணி விளிம்பிலேயே உட்கார்ந்து உள்ளே சரியும். ஒரு மூடிக்கு 35 முதல் 40 மீட்டர் நூல், 50 கிராம் உருண்டையில் ஆறு மூடி வரை வரும்.

மணி கனம் இல்லை என்பது பிளாஸ்டிக் மணியின் குறை. 8 மில்லிமீட்டர் கண்ணாடி மணி 24 போட்டால் எல்லாம் சேர்த்து 16 கிராம் வரை வரும், டொங்காட் காற்றுக்கே அது நிற்கும். அதே அளவு பிளாஸ்டிக் அதில் பாதிகூட இல்லை. மர மணி வேண்டாம், துவைத்தால் ஊறிச் சாயம் விடும். வாங்கும்போது நூலின் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்த் துளையில் விட்டுப் பாருங்கள், அழகான மணியாகப் பார்த்து எடுத்துத் துளை நுழையாமல் திரும்புவதுதான் வழக்கமான கதை.

24 மணியையும் தொடக்கத்திலேயே கோத்துக்கொண்டு 16 சுற்றும் தள்ளிக்கொண்டே போகாதீர்கள், நூல் பஞ்சாகிவிடும். 16ஆம் சுற்றோடு அறுத்து, ஓரத்துக்குப் புது நூலில் கோருங்கள். ஊசி நுழையாத துளை என்றால் நூல் முனையில் இரண்டு அங்குலத்துக்கு நகப்பூச்சுத் தடவிக் காயவிட்டால் முனையே ஊசியாகும். பல நிறம் என்றால் கடைசியில் வரவேண்டியதை முதலில் கோக்கவேண்டும்.

ஓரச் சுற்று: இடைவெளியில் ஒரு டபுள் குரோஷே, 5 சங்கிலி, மணியை ஊசி வரை தள்ளி, அதன் பின்னால் 1 சங்கிலி போட்டுப் பூட்டி, 5 சங்கிலி, நான்காவது இடைவெளியில் டபுள் குரோஷே. 96ஐ நான்கால் வகுத்தால் 24, மணி மிஞ்சாது.

டாட்டிங் கை வந்துவிட்டால் அந்த ஓரத்தைச் செயினாகவே போடலாம்: 9 முடிச்சு, மணி, 9 முடிச்சு, நான்காவது இடைவெளியில் ஷட்டில் நூலால் சேர்ப்பு. மணிகள் உருண்டை நூலில் இருக்கவேண்டும், ஷட்டில் நூலில் அல்ல. ஷட்டில் நூலைத் துணிக்குள் இழுத்துச் சேர்த்தால் அந்த இடம் பூட்டிக்கொள்ளும், வளையத்தில் அது குற்றம், ஓரத்தில் அதுதான் வேண்டியது. ஓரம் உள்ளே இழுத்தால் 9ஐ 10 ஆக்குங்கள்.

சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்றால் ஒவ்வொரு மணியையும் இழுத்துப் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கைக்கு இந்த மூடி எட்டக்கூடாது.

---

வடக்கரை_ஆச்சி

ஆயாவைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லையே.

மூட்டு வலிக்கு மெல்லிய இரும்பு ஊசிதான் எதிரி. 1.5 ஊசியில் பால் மூடி அவர்களுக்குக் கொடுக்கவேண்டாம், ஷட்டிலும் வேண்டாம், அதில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் விடாமல் கிள்ளிப் பிடித்தபடி இருக்கவேண்டும். 4 மில்லிமீட்டர் ஊசியின் பிடியில் பிள்ளைகளின் பென்சில் ரப்பர் பிடியை ஏற்றுங்கள், அல்லது தலைமுடி சுருட்டும் நுரை உருளையைத் துளையிட்டு மாட்டுங்கள். பிடி பருக்கும்போது விரல் மடங்குவது குறையும். பேனா பிடிப்பதுபோல் பிடிப்பவர் கத்தி பிடிப்பதுபோல் மாற்றிப் பார்க்கட்டும், பாரம் விரலிலிருந்து மணிக்கட்டுக்குப் போகும். இருபது நிமிடம், பிறகு நிறுத்தம். முழங்கைக்குக் கீழே தலையணை.

முதல் சுற்றுக்குச் சங்கிலி வளையம் போடட்டும். நூலை இழுத்து மூடுகிற மந்திர வளையம் விரலுக்கு வேலை, சரியாகக் கோக்காவிட்டால் துவைப்பில் திறந்தும்விடும்.

மாலை நேரத்துக்குக் கறுப்பு, கருநீலம் கொடுக்காதீர்கள். மின்வெட்டு இரவில் விளக்கொளியில் கண்ணி தெரியாது. கரும் நிறத்தைப் பகலுக்கு வைத்துக்கொண்டு, மடியில் வெள்ளைத் துண்டு விரியுங்கள்.

பால் மூடிக்குச் சர்க்கரைப் பாகு கஞ்சி போடும் பழக்கம் சில வீட்டில் உண்டு. டர்பனில் அது எறும்புக்குப் படையல். மணி கனம் சரியாக இருந்தால் கஞ்சியே வேண்டாம். காயவைக்கத் துருப்பிடிக்காத குண்டூசி மட்டும், கடற்காற்றில் சாதாரண ஊசி ஒரே இரவில் பழுப்புப் புள்ளி வைக்கும், அது போகாது. சிவப்பு நூல் எடுப்பதானால் ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் வெள்ளையோடு சேர்க்காதீர்கள்.

பூசை நாளில் மஞ்சள் படாமல் இருக்காது. சோப்பு பட்டதும் கறை சிவக்கும், பயப்படவேண்டாம், அது மஞ்சளின் இயல்பு. அலசிவிட்டு ஈரத்தோடு நேர் வெயிலில் போடுங்கள், மஞ்சள் வெயிலில் வெளுக்கும். வெள்ளை நூலுக்கு இது போதும். நிறநூல் என்றால் வெயில் அந்த நிறத்தையும் சேர்த்து எடுக்கும், நிழலில் உலர்த்திக் கறையோடு வாழவேண்டியதுதான்.

---

வெள்ளிநூல்

எல்லாருக்கும் நன்றி. ஆயா நடுப்பகுதியைத் தொடங்கிவிட்டார்கள், அட்டை 5.5க்கு அப்படியே உட்காருகிறது. சின்னவன் மூன்றாம் சுற்றில் மூலையை மறந்துவிடுகிறான், மூன்று மூலையோடு சதுரம் வருகிறது. அதற்கு ஏதாவது வழி?

---

மரிட்ஸ்பர்க்_உல்லன்

ஆயா கொடுக்குமுன் நான்கு மூலை இடைவெளியிலும் வேறு நிற நூல் துண்டை முடிந்து கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது பூட்டுகிற கண்ணிக் குறி நான்கு. துண்டைக் கண்டால் அங்கே 3 ட்ரெபிள், 2 சங்கிலி, 3 ட்ரெபிள். இல்லாத இடத்தில் 3 ட்ரெபிள் மட்டும். போட்டதும் அந்தத் துண்டைத் தன் 2 சங்கிலிக்கு மாற்றிக்கொள்ளட்டும். சுற்று முடிவில் நான்கு துண்டும் தெரிந்தால்தான் அக்காவிடம் தரலாம் என்று சொல்லிவைத்தால், எண்ண வேண்டியதில்லை.